ஆலம்பேரியில கீழ வராத பந்து

ஆலம்பேரியில பந்து மேல போயிட்டுக் கீழ வராம நின்னுக்கிட்ட அந்தச் சாயங்காலம், வெயில் அடிச்சுது, காத்து இல்ல, வடைக்கடையில ரெண்டாவது ஈடு எண்ணெயில கெடந்துச்சு, மைதானத்தச் சுத்திக் கயிறு கட்டி ஊரே நின்னுச்சு, வாலிபால் ஆட்டம், கடைசி செட்டு, ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி பாயிண்டு, அந்தப் பக்கம் மாவிளங்குடிப் பிள்ளைங்க, இந்தப் பக்கம் ஆலம்பேரி கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்க, மாவிளங்குடிக்காரி ஒருத்தி எம்பி அடிச்ச அடி நேரா நம்ம முப்பிடாதிகிட்ட வந்துச்சு, அவ ரெண்டு கையையும் சேத்து ஏந்திக் குடுத்தா, பந்து மேல போச்சு, தண்ணித் தொட்டி உயரம் போச்சு, அதுக்கும் மேல போச்சு, போயி அங்கயே நின்னுக்கிச்சு.

அவ்வளவுதான்! சத்தம் இல்ல, மின்னல் இல்ல. கயிறு இல்லாம தொங்குற குண்டு பல்பு மாதிரி மெதுவாச் சுத்திக்கிட்டுத் தொங்குச்சு.

யாரும் பெருசா ஆச்சரியப்படல. அண்ணாந்து பாத்தாங்க, கழுத்து வலிச்சதும் குனிஞ்சாங்க. வடைக்கடைக்காரி, "வடை ஆறுது, வாங்குறவங்க வாங்குங்க, பந்த அப்புறமாப் பாருங்க"ன்னா. நெறையப் பேரு அது நியாயந்தான்னு வடைப் பக்கம் நகந்தாங்க.

முப்பிடாதிக்குத்தான் நெஞ்சு திக்குன்னுச்சு. ஏன்னா அவ மனசுக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணி வச்சிருந்தா. இதுதான் கடைசி ஆட்டம். விசில் ஊதுன ஒடனே கை குடுக்கணும், தண்ணி குடிக்கணும், நேராப் போயி பி.டி. சார்கிட்ட "சார், நான் இனிமே வரல"ன்னு சொல்லணும், அப்புறம் அப்பாகிட்டச் சொல்லணும். சார்கிட்டச் சொல்ல வேண்டியத குளிக்கிற ரூம்ல பலதடவ சொல்லிப் பாத்திருந்தா. அப்பாகிட்டச் சொல்ல வேண்டியது அங்க கூட வாயில வரல. எல்லாம் ஆட்டம் முடிஞ்சதும்னு வச்சிருந்தா பாருங்க, ஆட்டம் முடியவே மாட்டேன்னு மேல போயி உக்காந்துக்கிச்சு!

ஏழாம் வகுப்புல சேந்தப்ப அவளுக்கு வாலிபால்னா உசுரு. அன்னைக்கு ஒரு பஸ்ஸு நெறைய பிள்ளைங்க வந்துச்சுங்க, பந்து மூஞ்சியில பட்டாச் சிரிப்பு, வலையில மாட்டுனாச் சிரிப்பு, தோத்துட்டு வர்ற வேன்ல அத விடச் சிரிப்பு. இப்ப பதினொண்ணாம் வகுப்பு. மொத்த டீமும் ஒரே ஆட்டோவுல அடங்கிடும். மத்த பிள்ளைங்கல்லாம் எங்க போச்சுன்னு கேட்டா பி.டி. சார் தங்கமாரியப்பன், "பொம்பளப் பிள்ளைக வளந்தா வெக்கம் வந்துரும், நின்னுரும்ங்க"ம்பாரு. எட்மாஸ்டர் "எல்லாம் செல்போன்"ம்பாரு. போன பிள்ளைங்ககிட்ட மட்டும் யாரும் கேக்கல.

முப்பிடாதி நிக்கல, ஏன்னா அவ கடகடன்னு வளந்துட்டா, வலைக்கு மேல கை போச்சு, மாவட்ட டீம்ல பேரு வந்துச்சு, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அதோட அவ அப்பா பரமசிவத்துக்கும் ஒரு பேரு வந்துச்சு. அவரு குட்டியானை லோடு வண்டி ஓட்டுறவரு. அதுவரைக்கும் ஊருல "ஏய் லோடு"ன்னு கூப்பிட்டவங்க, "முப்பிடாதி அப்பா, வாங்க, உக்காருங்க"ன்னு டீக்கடை பெஞ்சுல எடம் விட்டாங்க. மனுசன் பூரிச்சுப் போயிட்டாரு. முட்டுக்குப் போட உறை வாங்கிக் குடுத்தாரு, தெனமும் முட்டை வாங்கியாந்தாரு, வாலிபால் சட்டமெல்லாம் கத்துக்கிட்டாரு, அப்புறம் கோட்டுக்கு வெளிய நின்னு கத்த ஆரம்பிச்சாரு. "எம்பிக் குதிட்டி! கைய நீட்டு! அங்க என்ன பராக்கு?" ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்கும். ராத்திரி சோத்துக்கு முன்னால உக்காந்தா, அன்னைக்கு அவ விட்ட பந்தையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துத் தட்டுல வைப்பாரு. கெட்ட மனுசரா இருந்தாச் சண்டை போட்டுருக்கலாம். பாசமான மனுசரு. அதான் கஷ்டம்.

சரி, மைதானத்துக்கு வருவோம்.

அம்பயர் லூர்துசாமி விசில கடவாய்ப் பக்கம் ஒதுக்கிக்கிட்டே சொன்னாரு. "பந்து தரையில படல. வெளிய போகல. யாரும் தப்பாத் தொடல. நான் எப்படிங்க விசில் ஊதுவேன்? ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கு."

"கேட்டீங்களாட்டி?" தங்கமாரியப்பன் சார் கத்துனாரு. "எவளும் எடத்த விட்டு நகரக் கூடாது. நீங்க தண்ணி குடிக்கப் போற நேரம் பாத்துத்தான் அது விழும். அதோட புத்தி எனக்குத் தெரியும்."

மாவிளங்குடி சாரும் அந்தப் பக்கம் அதையே சொன்னாரு. பிள்ளைங்க ரெண்டு கையையும் முன்னால வச்சு, முட்டிய மடக்கி நின்னுச்சுங்க. பொழுது சாஞ்சுச்சு. விடிஞ்சுச்சு. பந்து அங்கயே இருந்துச்சு.

அப்புறம் ஊரு அதுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்க ஆரம்பிச்சுது. அம்மாமாருங்க தூக்குவாளியில இட்லி கொண்டு வந்து, பிள்ளைங்க நின்ன எடத்துலயே ஊட்டி, நின்ன எடத்துலயே சடை பின்னி விட்டாங்க. படிப்பு கெட்டுப் போகக் கூடாதுன்னு டீச்சருங்க கரும்பலகைய எல்லைக்கோட்டு ஓரமா நிறுத்திப் பாடம் நடத்துனாங்க, அரைப் பரீட்சைய வலைக்கு ரெண்டு பக்கமும் வச்சாங்க. பந்தோட நெழலு டெய்லர் கடை வாசப்படியத் தொட்டா மத்தியானச் சோத்து நேரம்னு ஊரே கணக்கு வச்சுக்கிச்சு. மினி பஸ் கண்டக்டர் "பந்து ஸ்டாப்பெல்லாம் எறங்கு!"ன்னு கூவுனாரு. கவுன்சிலர் பந்த வாழ்த்தி ஒரு பெரிய பேனர் வச்சாரு, பேனரே பந்த மறைக்குதுன்னு சனங்க சத்தம் போட்டதும், அவரு மூஞ்சிக்கு நடுவுல ஒரு ஓட்டை வெட்டி விட்டாங்க. ஒருத்தரு வலைக் கம்பத்துல எலுமிச்சம்பழம் கட்டுனாரு, இன்னொருத்தரு மெழுகுவத்தி ஏத்துனாரு, ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னு கும்பிட்டுட்டு, பீடி பத்த வச்சுக்கிட்டுப் போனாங்க. பந்து எதுக்கு நிக்குதுன்னு யாரும் ரொம்ப ஆராய்ச்சி பண்ணல. நிக்குது, நிக்கட்டும், அதுக்குக் கீழ கல்யாண பஸ்ஸு திரும்ப எடம் இருக்கான்னுதான் பாத்தாங்க.

கோட்டுக்குள்ள வேற ஒண்ணு நடந்துச்சு. எத்தன நேரந்தான் முட்டிய மடக்கி நிக்கிறது? முதல்ல ஒருத்தி நிமிந்தா. அப்புறம் ஒருத்தி உக்காந்தா. முப்பிடாதியோட கூட்டாளி ரெஜினா, இவதான் பந்த எடுத்துக் குடுக்குறவ, வலைகிட்டப் போயி அந்தப் பக்கத்துக் கேப்டன் கோமுவப் பாத்து, "ஏளா, ஒன் சடையில பேன் ஓடுது, குனி"ன்னா. கோமு வலைக்கு அடியில தலைய நீட்டுனா. அன்னையில இருந்து வலைங்கிறது சும்மா பேருக்குத்தான். சோழியெல்லாம் அதுக்கு அடியில உருண்டுச்சு, மாங்கா பத்தையும் உப்பும் அதுக்கு மேல பறந்துச்சு. எல்லைக்கோட்டுக்குள்ளயே கண்ணாமூச்சி ஆடுனாங்க, ஒளியறதுக்கு எடமே இல்லாத எடத்துல கண்ணாமூச்சி! அம்பயர் பின்னால ஒளிஞ்சாங்க. அவரு ஆட்டம் நடக்குதேன்னு ஆடாம நின்னாரு.

"ஆட்டம் நடக்கும்போது என்னட்டி சிரிப்பு?"ன்னு தங்கமாரியப்பன் சார் அதட்டுனாரு. சிரிப்பு நிக்கல. அவரு அதட்டுனத வச்சே இன்னொரு வாட்டி சிரிச்சாங்க.

ஒரு மத்தியானம் கோமு திடீர்னு கேட்டா. "முப்பி, நீ இன்னும் எதுக்கு ஆடுத?"

"நீ எதுக்கு ஆடுத?"

"நான் நிப்பாட்டணும்னு போன வருசமே நெனச்சேன். எங்க சாரு மூஞ்சியப் பாத்தா பேச்சு வரல. அடிச்சா 'இதெல்லாம் ஒரு அடியா', அடிக்கலைன்னா 'சோறு திங்கியா, மண்ணு திங்கியா'. இப்ப யாராச்சும் விசில் அடிச்சாலே ஓடி ஒளியணும் போல இருக்குட்டி. குக்கர் விசிலுக்குக் கூட!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு தானாக் கொறைஞ்சுச்சு.

"எனக்குக் காலையில தூங்கணும் போல இருக்கு"ன்னா ரெஜினா. "கணக்கு டியூசன் போகணும் போல இருக்கு. அந்த டவுசரப் போட்டுக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டு வழியா நடக்காம இருக்கணும் போல இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

இதெல்லாம் பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா அனுசியா. மாத்தாள். எட்டாம் வகுப்புல இருந்து மாத்தாள், ஒரு தடவ கூட எறக்கி விடல. அவ எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு, "சார், நான் வீட்டுக்குப் போறேன்"ன்னா.

"ஆட்டம் நடக்குதுட்டி!"

"ஒங்களுக்கு ஆட்டம் முடியல சார். எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல"ன்னு சொல்லிட்டு, தண்ணிப் பாட்டில எடுத்துக்கிட்டு, பந்து ஸ்டாப்ல மினி பஸ் ஏறிப் போயே போயிட்டா!

முப்பிடாதி அந்த பஸ்ஸு மறையிற வரைக்கும் பாத்தா. ஊர்ல அவளப் பாத்துக்கிட்டு இருந்த கண்ணெல்லாம் அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சுது. பந்து அவ கையில இருந்து போனது. எங்க நின்னாலும் அது அவளோட பந்து. "முப்பிடாதி இருக்கா, அது விழுந்தா எடுத்துருவா"ன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. அவ தூங்குனாக் கூட ஒருத்தரு வந்து, "கண்ணு, ஒரு கண்ணத் தெறந்து வச்சுக்க"ன்னு சொல்லிட்டுப் போவாரு.

அவ அப்பாவுக்குத்தான் ரொம்பப் பாடு. பந்து நின்னதுல இருந்து கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு கத்திக்கிட்டே இருந்தாரு. "மேல பாரு முப்பி! கவனம்! வலது பக்கமாச் சாயிது பாரு!" அது சாயவே இல்ல. வண்டி லோடையெல்லாம் விட்டுட்டுக் கத்துனாரு. கத்திக் கத்தி ஒரு நாள் தொண்டை போயிருச்சு. அவ அம்மா சண்முகக்கனி மொளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் குடுத்தா, ஒண்ணும் ஆகல. வாயத் தெறந்தா காத்துதான் வந்துச்சு. மனுசன் கையாலக் காட்டிப் பாத்தாரு, அவளுக்குப் புரியல. வேற வழியில்லாம கயித்துக்கு அடியில குனிஞ்சு வந்து, கோட்டு ஓரத்துல அவ பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தாரு. மகளும் அப்பாவும் இவ்வளவு பக்கத்துல உக்காந்து ரொம்ப நாளாச்சு. பாயிண்டு இல்ல, தப்பு இல்ல, எதச் சொல்லி ஆரம்பிக்க?

"சாப்பிட்டியா?"ன்னு காத்தாக் கேட்டாரு.

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம்."

மேல பந்து சுத்துச்சு.

"யப்பா."

"ம்."

"இந்த ஆட்டம் முடிஞ்சதும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லு."

"இது முடிய மாட்டேங்குதுப்பா."

"ஆமா."

"அதான் இப்பவே சொல்லிருதேன். நான் வாலிபால விட்டுருதேன்."

பரமசிவம் மேல பாத்தாரு. பந்து ஏதாச்சும் சொல்லுமோன்னு பாத்த மாதிரி இருந்துச்சு. அது ஒண்ணும் சொல்லல.

"சாரு ஏசுனாரா? நான் போயிக் கேக்கட்டா?"

"ஏசுனாரு. ஆனா அதுக்கில்ல."

"முட்டு வலிக்கா?"

"வலிக்கி. அதுக்கும் இல்ல."

"அப்ப எதுக்குட்டி?"

"புடிக்கலப்பா. முன்ன புடிச்சிருந்துச்சு. இப்பப் புடிக்கல."

"இம்புட்டு நல்லா ஆடுதியேட்டி."

"நல்லா ஆடுனா புடிச்சிருக்கணுமாப்பா? நீங்க வண்டி நல்லாத்தான ஓட்டுதீங்க. தெனமும் புடிச்சா ஓட்டுதீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு, தொண்டை இல்லாததுனால தோளு மட்டும் குலுங்குச்சு. அப்புறம் குலுங்குறது நின்னுச்சு. கீழ குனிஞ்சு மண்ண நோண்டிக்கிட்டே கேட்டாரு.

"நான் கத்துததாலயா?"

இல்லப்பான்னு சொல்லிருக்கலாம். அவ வாயி வரைக்கும் வந்துச்சு. "கொஞ்சம்"ன்னா.

"கொஞ்சம்னா?"

"நெறையவே."

வடைக்கடையில எண்ணெய் சத்தம் கேட்டுச்சு. சோழி உருளுற சத்தம் கேட்டுச்சு. பரமசிவம் மண்ணுல ஒரு குழி நோண்டி முடிச்சு, அத மூடி, தட்டிச் சமமாக்குனாரு.

"நீ விட்டுட்டா என்னைய எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க?"

இத அவரு கேப்பாருன்னு அவ நெனைக்கவே இல்ல. பெரிய மனுசன், மீசை வச்ச மனுசன், காத்தாக் கேக்காரு. "பரமசிவம்னு கூப்பிடட்டும்பா. கூப்பிடலைன்னா நீங்க திரும்பாதீங்க"ன்னா.

"பந்து விழுந்துட்டா?"

"விழட்டும்."

"ஊரு ஏசுமே தாயி."

"ஏசும். நீங்க எங்கூட நிப்பீங்கள்லா?"

அவரு எந்திரிச்சாரு, வேட்டியத் தட்டி மடிச்சுக் கட்டுனாரு, போயி மைதானத்தச் சுத்திக் கட்டுன கயித்த ஒரு கையாலப் புடிச்சு, அவ குனியாம வர்ற அளவுக்கு ஒசரத் தூக்கிக்கிட்டு நின்னாரு.

ஊரு பாத்துருச்சு! சோழி நின்னுச்சு, வடை நின்னுச்சு, மினி பஸ்ஸு நின்னுச்சு. தங்கமாரியப்பன் சார், "ஏட்டி முப்பிடாதி! கால எடுத்த, மானம் போயிரும்! பள்ளிக்கூடத்து மானம்! ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வர்ற ஒன் காலேஜ் சீட்டும் போயிரும்"னு ஓடி வந்தாரு. பரமசிவம் இன்னொரு கைய அவரு முன்னால நீட்டுனாரு, அடிக்க இல்ல, லாரி ரிவர்ஸ்ல வரும்போது கை காட்டி நிப்பாட்டுவாங்களே, அந்த மாதிரி. சாரு நின்னுட்டாரு. டெய்லர் கடைக்காரரு பந்து விழுந்து கடை ஒடையும்னு மிஷின உள்ள இழுத்தாரு. பச்சப் பிள்ளை வச்சிருந்தவங்க பிள்ளை தலையப் பொத்துனாங்க. முப்பிடாதி எல்லைக்கோட்டத் தாண்டுனா. கண்ண மூடிக்கிட்டுத்தான் தாண்டுனா.

ஒண்ணும் ஆகல.

பந்து அங்கயே இருந்துச்சு. மெதுவாச் சுத்துச்சு. அவ இருந்தாலும் இல்லாட்டியும் அதுக்கு ஒண்ணுதான் போல! ஊரு மூச்ச விட்டுச்சு பாருங்க, அந்த மூச்சுல கவுன்சிலர் பேனர் ஆடுச்சு. அப்புறம் ரெஜினா, "அப்ப நானும் வாரேன், டியூசனுக்கு நேரமாச்சு"ன்னு செருப்பத் தேடுனா. மாவிளங்குடிப் பிள்ளைங்க ரெண்டு பேரு, அவங்க சாரு மூஞ்சியப் பாக்காம பையத் தூக்குனாங்க. கோமு போகல. அவ கோட்டு நடுவுல இடுப்புல கை வச்சு நின்னு, "எனக்கு ஆட்டம் புடிச்சிருக்குட்டி. எங்க சாரத்தான் புடிக்கல"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரிச் சொன்னா. மாவிளங்குடி சாரு அங்க இங்க பாத்துட்டு டீக்கடைப் பக்கம் போயிட்டாரு. கோமு வேற ஒரு பழைய பந்தக் கேட்டு வாங்கி, நிக்கிறவங்களச் சேத்துக்கிட்டு, பாயிண்டு எண்ணாம ஆட ஆரம்பிச்சா. எண்ணாம ஆடுனா யாரு செயிச்சான்னு எப்படித் தெரியும்னு தங்கமாரியப்பன் சார் பாவமாக் கேட்டாரு. அப்புறம் அவரே வெளிய உருண்டு வந்த பந்த எடுத்துப் போட்டாரு. அம்பயர் லூர்துசாமி விசில வாயில இருந்து எடுத்தாரு, ஒதடு அதே வட்டத்துலயே நின்னுக்கிச்சு, அப்படியே போயி டீய உறிஞ்சுனாரு.

குட்டியானையில முன் சீட்டுல முப்பிடாதி உக்காந்தா. பரமசிவம் வண்டிய எடுத்தாரு. வண்டி ரயில்வே கேட்டத் தாண்டுச்சு. அவ ஒடம்பு என்னமோ மாதிரி இருந்துச்சு. என்னன்னு யோசிச்சா. கனம் இல்ல, அதான். தோளு கீழ எறங்கி, அது இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு. ஜன்னல்ல கைய வெளிய நீட்டுனா, காத்து உள்ளங்கையில மோதுச்சு, எதையும் ஏந்தாம சும்மா வச்சுக்கிட்டா.

"பசிக்கா?"ன்னு காத்தாக் கேட்டாரு.

"பசிக்கிப்பா."

புரோட்டா கடையில நிறுத்துனாரு. கடைக்காரரு கல்லுல மாவ வீசிக்கிட்டே பாத்தாரு. "வாங்க முப்பிடாதி அப்பா! என்ன, பந்து விழுந்துருச்சா?"

பரமசிவம் மகளப் பாத்தாரு. அவ அதுக்குள்ள மேசையில இருந்த வெங்காயத்த அள்ளி வாயி நெறையப் போட்டிருந்தா. அவரு தொண்டையச் செருமுனாரு. பல நாளா இல்லாத சத்தம், கரகரன்னு, பாதி உடைஞ்சு, ஆனா சத்தமா வந்துச்சு.

"அதப் போயிப் பந்துகிட்டக் கேளும்வே. இங்க ரெண்டு செட்டு போடும். எனக்குச் சால்னா, பிள்ளைக்கு ஆம்லெட்டு."

முப்பிடாதிக்குச் சிரிப்புல வெங்காயம் மூக்குல ஏறிருச்சு. அவரு முதுகத் தட்டுனாரு, தண்ணிய நீட்டுனாரு, வண்டியில ஒருக்கா வாத்து லோடு ஏத்திட்டுப் போனப்ப மொத்த வாத்தும் அம்பாசமுத்திரம் ரோட்டுல எறங்கி வரிசையா நடந்த கதைய எடுத்து விட்டாரு. இத்தன வருசத்துல அவ கேக்காத கதை அது. புரோட்டா வந்துச்சு, பிச்சுப் போட்டாங்க, சால்னாவ ஊத்துனாங்க.

"அப்புறம் வாத்த எப்படிப்பா புடிச்சீங்க?"

"எங்க புடிச்சேன்? பாதி வாத்து போயிருச்சு. நல்லாத்தான் போச்சுங்க, திரும்பியே பாக்கல. நீ தின்னு"ன்னாரு பரமசிவம்.